பல்துறை வல்லுநர் வாய் திறந்த கதை

எதிர்வீட்டுப் பட்டாபிக்குப் பல்வலி என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் கீழ்த்தளத்து அம்சவேணி. பட்டாபி சொல்லவில்லை, சொல்லக்கூடியவரும் அல்லர். அவர் மனைவி விசாலாக்ஷியும் அதுவரை என்னிடம் மூச்சு விடவில்லை.

"ஏனுங்க டீச்சர், உங்க எதுத்த வீட்டு சாருக்குப் பல்லு வலியாட்டத் தெரியுதுங்க," என்றார் அம்சவேணி, பால் பூத் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றபடி. "லிஃப்டுக்குள்ள கன்னத்தைப் புடிச்சுட்டு நின்னாருங்க. என்னையப் பார்த்ததும் போன் பேசறாப்பல கையக் காதுக்குத் தூக்கிட்டாரு. கையில போனே இல்லீங்க."

அக்கணமே எனக்குக் கிராம்பின் பொருள் விளங்கிற்று.

ஆடி பிறந்தது முதலாகப் பட்டாபி மூன்று நாள்களுக்கு ஒருமுறை என் வீட்டு அழைப்புமணியை அழுத்திக்கொண்டிருந்தார். நாலே நாலு கிராம்பு வேண்டும், விசாலம் பிரிஞ்சி செய்கிறாள் என்பார். நானும் எண்ணி நான்கு கொடுப்பேன். தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் எதிர்வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே ஆறடி நடைவழிதான். அங்கே கடுகு தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அப்படியிருக்க, மூன்று நாள்களுக்கு ஒருமுறை பிரிஞ்சி கொதிக்கும் வீட்டிலிருந்து ஒருநாளும் பிரிஞ்சி மணம் வந்ததில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் விடைத்தாள் திருத்தியவள் நான். இதைக் கவனிக்கத் தவறியது என் பிழையே, மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறேன்.

பட்டாபி இன்னார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

பட்டாபிராமன் மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றித் துணைச் செயலராக ஓய்வு பெற்றவர். ஒரு துறையில் ஒருவர் வேர் விடத் தொடங்கும்போதே பிடுங்கி அடுத்த துறையில் நடுவது அரசின் வழக்கம். அவ்வாறு ஒன்பது துறைகளில் நடப்பட்டவர் அவர். மீன்வளத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். மீன் கடையைக் கண்டால் தெருவின் மறுபுறம் போய்விடுவார். கப்பல் துறையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். கடலைப் பார்த்தது மெரீனாவில், அதுவும் சுண்டல் தின்னப் போனபோது. சுரங்கம், ஜவுளி, உரம், உணவு, நீர்வளம், அஞ்சல், நலவாழ்வு என்று மற்றவையும் இவ்வாறே.

துறை என்னும் சொல்லுக்கு ஆற்றில் இறங்கும் இடம் என்பது முதற்பொருள். ஒன்பது துறைகளிலும் மேற்படியில் நின்று கால் நனைத்தவர் பட்டாபி. ஒன்பது ஆறுகளையும் நீந்திக் கடந்ததாக அவர் நினைவு.

இதனால் அவ்வீட்டுக்குள் எந்தப் பணியாளரும் நுழைய இயலாது. குழாய் ஒழுகிற்று. பதினெட்டு மாத நீர்வள அனுபவத்தைக் கொண்டு பட்டாபியே பழுது பார்த்தார். கீழ்வீட்டுக் கூரையில் நீர்வளம் பெருகியது. பால்கனித் துளசி வாடிற்று. உரத்துறை அறிவை அதற்குக் காட்டினார். இப்போது அந்தத் தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு மாலை அவர் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு வார்த்தை வேணும்," என்றார்.

ஏதோ கலந்து பேச வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது. அவருக்கு உண்மையிலேயே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டப்போகிறாராம். 'ஓய்வு பெற்ற துணைச் செயலர்' என்று போட்டால் 'ஓய்வு பெற்ற' என்பதுதான் கண்ணில் படுகிறதாம். பல துறைகளிலும் தேர்ந்த ஒருவரைக் குறிக்கத் தமிழில் தக்க சொல் எது என்று கேட்டார். அந்த ஒருவர் யார் என்று நான் கேட்கவில்லை.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. பன்முக அறிஞர் என்றேன். முகம் பல என்றால் ராவணன் நினைவு வருகிறது என்றார். பல்கலைப் புலவர் என்றேன். புலவர் என்றால் வறுமை நினைவு வருகிறது என்றார். சர்வக்ஞர் என்று வடமொழியில் உண்டு, ஆனால் அஃது எல்லாம் அறிந்த இறைவனுக்கு மட்டுமே உரியது என்றேன். சற்று நேரம் யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்கு வியப்பு.

"ஹிந்தியில ஹர்ஃபன்மௌலான்னு ஒண்ணு இருக்கே, எல்லா வித்தையும் தெரிஞ்சவன்னு," என்றாள் விசாலாக்ஷி. "நம்ம காய்கறிக்காரன் உங்களை அப்படித்தான் சொல்றான். காய் வாங்கத் தெரியாட்டாலும் காயைப் பத்தி எல்லாம் தெரியறதாம்."

பட்டாபி அதைக் காதில் வாங்கவில்லை. அஷ்டாவதானி என்னும் சொல்லைப் பற்றிக் கேட்டார். அஃது எளிதன்று என்று விளக்கினேன். ஒரே நேரத்தில் எட்டுச் செயல்களில் கவனம் வைக்க வேண்டும். ஒருவர் கேட்கும் ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும். இன்னொருவரோடு சதுரங்கம் ஆட வேண்டும். இடையிடையே ஒருவர் முதுகில் சிறு கல்லாக எறிந்துகொண்டே இருப்பார், எல்லாம் முடிந்தபின் எத்தனை கல் என்று பிழையின்றிச் சொல்ல வேண்டும்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் விசாலாக்ஷி. "இவர் டிவி பார்த்துண்டே பால் பொங்கறதைப் பார்த்துக்க மாட்டார். எட்டு என்ன, ரெண்டுக்கே வழியில்லை."

கடைசியில் அவருக்குப் பிடித்தது 'பல்துறை வல்லுநர்'. அதில் 'துறை' என்று இருந்ததால் பிடித்தது. தம் பணிப்பதிவேட்டையே இரண்டு சொல்லில் சுருக்கிவிட்டதாக மகிழ்ந்தார். நான் ஆசிரியர் ஆதலால் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தேன். பல என்னும் சொல்லின் ஈற்று அகரம் கெட்டு வருவது பல்துறை. வாயிலுள்ள பல்லைக் குறிப்பதாயின் அது பற்றுறை என்று புணரும். பல்லுக்கான பொடி பற்பொடி ஆவதைப் போல. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்றேன்.

"இந்தக் காலத்துல சந்தியெல்லாம் யார் டீச்சர் பார்க்கறா? அர்த்தம் புரிஞ்சா போறும்," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

விசாலாக்ஷி மட்டும் வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். "பல்லுக்குன்னா பற்றுறையா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனாள். அவள் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆயினும் காதில் விழுந்ததைக் கீழே போடும் வழக்கம் அவளுக்கு இல்லை.

பித்தளைப் பலகை வந்தது. அடுத்த வாரமே, அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாற்போல, கடைவாயில் ஒரு பல் வலிக்கத் தொடங்கிற்று. இதைத்தான் நான் அம்சவேணி சொல்லி அறிந்தேன்.

அறிந்தபின் எல்லாம் புலப்பட்டது. கோகுலாஷ்டமிக்கு அவ்வீட்டில் சீடை உருட்டவில்லை. கடினமான பலகாரங்கள் உடலுக்கு ஒவ்வாதவை என்று பட்டாபி ஆணை பிறப்பித்திருந்தார். உணவுத் துறையில் பதினான்கு மாதங்கள் இருந்தவர் சொன்னால் மறுப்பவர் யார்? நவராத்திரியில் என் வீட்டுக் கொலுவுக்கு வந்தார். சுண்டல் நீட்டினேன். பயறு வகைகளை ஊறவைப்பதில் நம்மவர்கள் செய்யும் அடிப்படைத் தவறு பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு, கிண்ணத்தை அப்படியே திருப்பித் தந்தார். கொலுவுக்கு வந்து சுண்டலைத் திருப்பித் தந்தவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சரஸ்வதி பூசை கழிந்த மறுநாள் விசாலாக்ஷி என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மூணு மாசமா ரசஞ்சாதம் டீச்சர். அதையும் கையால மசிச்சு மசிச்சு வைக்கறேன். நான் சேப்பங்கிழங்கு ரோஸ்ட் பண்ணி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

பல் மருத்துவரிடம் போகலாமே என்று அவரிடம் சொன்னதில்லையா என்று கேட்டேன்.

"வலிக்கறதான்னுதான் ஒருநாள் கேட்டேன். நலவாழ்வுல பதினோரு மாசம் இருந்தவன்கிட்டேயே கேக்கறியான்னு எழுந்து போயிட்டார். அதுக்கப்புறம் எனக்குத் தெரியவே தெரியாதுங்கற மாதிரி இருந்துண்டிருக்கேன். அவருக்குப் பயம் டீச்சர். ஊசின்னா பயம். சின்ன வயசுல யாரோ கொறடு வெச்சுப் பல்லைப் பிடுங்கியிருக்கா. கல்யாணமான புதுசுல சொன்னார். அப்புறம் சொன்னதையே மறந்துட்டார், நான் மறக்கலை."

முதல்நாள் காலையில் கன்னம் வீங்கியிருந்ததாம். மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தில்லிக்குக் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டது என்றாராம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. சீழ் பிடித்துத் தாடையெலும்புக்குப் பரவினால் என்னாகும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். பேசும்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விசாலாக்ஷியை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"இழுத்துண்டு போனா வந்துடுவார். ஆனா அப்புறம் என்னைப் பார்க்கவே கூச்சப்படுவார். பல் போகணும் டீச்சர். மானம் போகப்படாது," என்றாள்.

அந்நேரத்தில் அழைப்புமணி ஒலித்தது. வந்தவள் மதுமதி. எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது அடுத்த குடியிருப்பின் மார்க்கெட்டில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறாள். தில்லியில் பிறந்த பிள்ளை. 'ழ' வராது என்று நான் வருந்திய காலம் உண்டு. இப்போது பிறர் பல்லுக்குள் நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அவள் சொல்லித்தருகிறாள்.

எங்கள் சொசைட்டித் தமிழ்ச் சங்கத்துக்காக வருகிற ஞாயிறு ஓர் இலவச முகாம் நடத்தப்போவதாகவும், மிஸ் படிப்பார்களே என்று அறிவிப்பைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வந்திருப்பதாகவும் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தாளை வாங்கினேன். பெருமை போயிற்று.

பெரிய எழுத்தில் 'மாபெரும் பல்துறை முகாம்' என்று எழுதியிருந்தாள்.

"டென்டல் டிபார்ட்மென்ட் மிஸ். பல், துறை. கரெக்டா?" என்றாள், கண்கள் ஒளிர.

இருபது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டது அத்தனையும் அவள் நினைவில் கரும்பலகையாகவே இருந்தது. நான் மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். 'பல் மருத்துவ முகாம்' என்று திருத்தக் கை நீண்டது.

என் மணிக்கட்டின்மேல் ஒரு கை விழுந்தது. விசாலாக்ஷியின் கை.

"டீச்சர், திருத்தாதேங்கோ."

அவள் பார்வை தாளிலிருந்து என் வீட்டுக் கதவுக்கும், கதவிலிருந்து எதிர்வீட்டுப் பித்தளைப் பலகைக்கும் போயிற்று. எனக்கும் புரிந்தது. பேனா மூடியைப் போட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியிலும் அதன் பின்னும் நான் தெரிந்தே விட்ட ஒரே புணர்ச்சிப் பிழை அதுதான். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை என்பதற்காகச் சிறிது வருந்துகிறேன்.

ஆயினும் பொய் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பொய் வேண்டாம், மெய்யையே கொஞ்சம் நல்ல தமிழில் எழுதுங்கள் என்றாள் விசாலாக்ஷி. அறிவிப்பின் கீழே என் கையால் ஒரு வரி சேர்த்தேன்:

'பல்துறை வல்லுநர் திரு. பட்டாபிராமன் அவர்கள் திருவாய் மலர்ந்து முகாமைத் தொடங்கி வைப்பார்.'

மதுமதி இரண்டு முறை படித்தாள். "அங்கிள் ஸ்பீச் கொடுப்பாரா மிஸ்?" என்று கேட்டாள்.

"வாய் திறப்பார்," என்றேன். அஃதும் மெய்யே.

மிச்சத்தை விசாலாக்ஷி அவளுக்கு இந்தியில் விளக்கினாள். மதுமதி சிரித்த சிரிப்பில் கொலுவிலிருந்து இன்னும் எடுத்து வைக்காத செட்டியார் பொம்மை ஆடிற்று.

அழைப்பிதழைச் சங்கச் செயலாளர் வடிவேல் கொண்டுபோய்க் கொடுத்தார். வடிவேல் இராணுவத்தில் சுபேதாராக இருந்த மதுரைக்காரர். ஒரு தாக்குதல் எப்போது, எங்கிருந்து என்று தெரிந்தால் போதும், ஏன் என்று கேட்க மாட்டார். பட்டாபி அழைப்பிதழைக் கையில் வாங்கியதையும், மூக்குக்கண்ணாடியைத் தேடியதையும், பிறகு நடைவழியிலேயே நின்று உரக்கப் படித்ததையும் என் சமையலறையிலிருந்தே கேட்டேன்.

"பார்த்தியா விசாலம்? பல்துறை முகாமாம். எல்லாத் துறையும் ஒரே இடத்துல. இந்தச் சங்கத்துக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. அதுக்குத் தகுந்த ஆளா என்னைத் தேடியிருக்கா பாரு."

"உங்களை விட்டா யார் இருக்கா?" என்றாள் விசாலாக்ஷி. அவள் குரலில் ஒரு மாத்திரைகூடப் பிசகில்லை.

அந்த வாரம் முழுவதும் அவர் உரை எழுதினார். துறைக்கு ஒரு பத்தி வீதம் ஒன்பது பத்திகள். சனிக்கிழமை மாலை வழக்கம்போல் என் வாசலில் நின்றார். கன்னம் மப்ளருக்குள் இருந்தது. நான்கு கிராம்பை எண்ணிக் கையில் வைத்தேன். கை அப்படியே நின்றது.

"நாளைக்கு மேடை டீச்சர். பிரிஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியா பண்றா. கூட மூணு போடுங்கோ," என்றார்.

போட்டேன். அந்தக் கண்களில் தூக்கம் இல்லாததைப் பார்த்தபோது, விளையாட்டு விரைவில் முடிந்தால் நல்லது என்று தோன்றிற்று.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமூகக் கூடத்தில் எண்பது பேர் கூடியிருந்தோம். மேடைமேல் பெரிய பதாகை. மேல்வரியில் தமிழில் 'பல்துறை முகாம்'. அடுத்த வரி இந்தியில். அதில் 'தந்த்' என்று பல்லைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் தில்லியில் கோப்பு பார்த்த பட்டாபிக்கு இந்தி தமிழைவிட நன்றாக வரும். ஆகவே அந்த வரியின்மேல் விசாலாக்ஷி விடியற்காலையிலேயே வந்து மாவிலைத் தோரணம் கட்டியிருந்தாள். மங்களகரமாக இருந்தது.

பட்டாபி பட்டுவேட்டி, ஜிப்பா, அங்கவஸ்திரம், மப்ளர் ஆகிய அனைத்தோடும் வந்தார். ஓரத்து மேசையில் பல்துலக்கும் பிரஷ்களும் பற்பசைக் குழாய்களும் அடுக்கியிருந்தன. பார்த்துத் தலையசைத்தார்.

"நலவாழ்வுத் துறையும் வந்திருக்கு. பலே," என்றார் என்னிடம்.

மேடை நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. சாய்வானது, நீளமானது, கால் வைக்க இடமுள்ளது. அதன்மேல் விசாலாக்ஷியின் சிவப்புப் பட்டுப் போர்வை விரித்திருந்தது. மேலே வளைந்த கழுத்தோடு ஒரு விளக்கு. தலைமை நாற்காலிக்குத் தனி விளக்கு வைத்தார்களே என்று அவர் நெகிழ்ந்துபோனார். வடிவேல் கைகாட்ட, ஏறி அமர்ந்தார். ஜிப்பாப் பையிலிருந்து ஒன்பது பத்திகளையும் எடுத்தார்.

வடிவேல் ஒலிவாங்கியைப் பிடித்தார். "மதிப்பிற்குரிய நம்ம பட்டாபி சார் எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிறவரு. சில பேருக்கு இந்த முகாமுக்கு வாறதுக்கே பயமா இருக்கும். அந்தப் பயத்தைப் போக்கத்தான் சாரை முதல்ல உக்கார வச்சிருக்கோம். இப்ப சார் திருவாய் மலர்வார்."

கைத்தட்டல் எழுந்தது. பட்டாபி தொண்டையைச் செருமினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

மதுமதி வெள்ளை அங்கியோடு அவர் தலைமாட்டில் தோன்றினாள். விளக்கு எரிந்தது. விசாலாக்ஷி மேடையேறித் தோரணத்தை ஒரு பக்கம் தூக்கிக் கட்டினாள். சாய்ந்தபடியே பட்டாபி பதாகையை அண்ணாந்து பார்த்தார். மேல்வரியைப் படித்தார். கீழ்வரியைப் படித்தார். மறுபடியும் மேல்வரியைப் படித்தார். பல் என்னும் சொல் அவர் கண்முன்னே பலவிலிருந்து ஒன்றாக மாறியதை நான் முதல் வரிசையிலிருந்து கண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பதாகையைப் பார்த்தேன்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் எண்பது பேர் முன்னால், பயத்தைப் போக்க வந்தவர், பயந்து எழுந்து போக முடியாது. ஒன்பது துறைகளிலும் அதற்கு வழி எழுதிய விதி இல்லை. அவர் கை நாற்காலியின் பக்கவாட்டில் எதையோ தேடிற்று. விசாலாக்ஷியின் கை அங்கே முன்பே இருந்தது.

வாய் மலர்ந்தது.

மதுமதி எட்டிப் பார்த்தாள். விளையாட்டு அவள் முகத்தைவிட்டுப் போயிற்று. சிறு கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். விசாலாக்ஷி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். அன்று அவள் காட்டிய உணர்ச்சி அவ்வளவே.

"அங்கிள், இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வந்து எடுத்துடலாம். வலிக்காது, ப்ராமிஸ். வருவீங்கதானே?" என்றாள் மதுமதி. வடிவேல் ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினார்.

கண்ணாடி இன்னும் வாய்க்குள் இருந்தது.

"ஆ," என்றார் பட்டாபி.

அஃது ஆம் என்பதன் கடைக்குறை என்று அவை ஏற்றுக்கொண்டது. கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்பது பத்திகளுக்கும் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம். பிறகு ஒவ்வொருவராக மேடையேறினார்கள். அம்சவேணி இரண்டாவது.

வியாழக்கிழமை பல் போயிற்று. வலிக்கவில்லையாம். பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. இங்கே சொல் முதலில் வந்தது. அதனால் பல் போயிற்று.

அதற்கடுத்த வாரமே பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார். முகாமில் அவரைக் கண்டவர்கள் பலகையையும் கண்டு, தங்கள் பிள்ளைகளுக்குப் பல் கம்பி கட்டுவாரா என்று கேட்க வரத் தொடங்கியிருந்தார்கள். கழற்றிய பலகையோடு ஒரு மாலை என்னிடம் வந்தார். கிராம்பு கேட்கவில்லை. வீக்கம் வடிந்த முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"டீச்சர், அன்னிக்குச் சொன்னேளே, பற்றுறைன்னு. அது என்ன விதி?"

லகரத்தின்முன் தகரம் வந்தால் இரண்டும் றகரம் ஆகும். கல் தூண் கற்றூண், பல் துறை பற்றுறை என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இலக்கணத் துறையில் தமக்குக் கொஞ்சம் பயிற்சி குறைவு என்று ஒப்புக்கொண்டார். பத்தாம் துறை என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன்.

போகும்போது வாசலில் நின்றார். "கிராம்பு விஷயம் விசாலத்துக்குத் தெரிய வேண்டாம் டீச்சர். அவளுக்கு எதுவும் தெரியாது. பாவம், ஏதோ முகாம்னு நினைச்சு என்னைப் பேச அனுப்பினா," என்றார்.

சரி என்றேன்.

தீபாவளிக்கு முதல்நாள் எதிர்வீட்டிலிருந்து கடக், கடக் என்று ஓசை கேட்டது. முறுக்கு. மூன்றரை மாதத்துக்குப் பின் அவ்வீட்டில் ஒரு பொருள் உடையும் ஓசை. சிறிது நேரத்தில் விசாலாக்ஷி ஒரு தட்டில் பட்சணமும், அதன்மேல் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவுமாக வந்தாள்.

"உங்க கிராம்பு டீச்சர்," என்றாள்.

நான் விழித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தினம் விடியக்காலம் பால்கனியில நின்னுண்டு மென்னு, கறிவேப்பிலைத் தொட்டியில துப்பிடுவார். நான் பெருக்கறச்சே எண்ணிண்டே எடுத்துப் போட்டுடுவேன். இது அத்தனையும் புதுசா வாங்கினது. எங்காத்துல கிராம்பு டப்பாவைத் தொடறதில்லை. பின்னே எதுத்தாத்துலேருந்துதானே வரணும்?"

அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவருக்கா? அவருக்குத் தெரியாதது எதாவது உண்டா டீச்சர்?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆசிரியர் என்றால் கணக்கிலும் தெளிவு வேண்டும். நான்கு நான்காக முப்பது முறை வந்தார். எனவே நூற்றிருபது, சரிதானே என்றேன். என் நினைவாற்றலில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

"கடைசி நாள் மேடைக்குன்னு கூட வாங்கிண்டதை மறந்துட்டேளே. ஜிப்பாப் பையில கைக்குட்டையில முடிஞ்சு வெச்சிருந்தார். துவைக்கப் போட்டப்போ எடுத்தேன்," என்றாள். சொல்லிக்கொண்டே என் அடுப்பைத் தாழ்த்தி, பொங்கவிருந்த பாலை இறக்கி வைத்து, எதிர்வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததற்கு "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடி போய்விட்டாள்.

நான் டப்பாவைத் திறந்து, செய்தித்தாளை விரித்து, அதில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினேன். பிழை இருக்காது என்று தெரிந்தே எண்ணினேன்.

நூற்று இருபத்து மூன்று.